அரிசி மட்டும்தானா?

கிராமங்களில் சர்க்கரை நோய் பெருகுவதற்கு அரிசிச் சோறும் உழைப்புக் குறைவும்தான் காரணம் என்று நான் படித்த ஒரு கட்டுரை முடித்துவிட்டது. நாளெல்லாம் வயலில் நிற்கும் ஒல்லியான ஆட்களுக்கும் வருகிறதே, அது எப்படி?

மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வு (2017) ஒன்றைப் பார்க்கலாம். திருப்பரங்குன்றம் வட்டாரக் கிராமங்களில் பூச்சிமருந்தோடு நேரடியாகப் புழங்கியவர்களில் 18.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், புழங்காதவர்களில் 6.2. ஒரே சமயத்தில் எடுத்த கணக்கெடுப்பு காரணத்தை நிரூபிக்காது என்பது சரி. அதனால்தான் எலிகளுக்கு 180 நாள் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தைக் கொடுத்தும் பார்த்தார்கள். குடல் பாக்டீரியா மருந்தை உடைக்கையில் அசிட்டிக் அமிலம் உண்டாகிறது. உடல் அதை வைத்துப் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கிறது. இவ்வகைப் பூச்சிமருந்தின் விஷம் ஏறினால் வழக்கமாகக் குறைவது நரம்புகளுக்கான கோலினெஸ்டரேஸ் நொதி; சர்க்கரை ஏறிய அந்த எலிகளில் அது பெரிதாகக் குறையவில்லை! ஆக, விஷத் தாக்கத்துக்கு வழக்கமாகப் பார்க்கும் அந்த நொதியின் ரத்தப் பரிசோதனை 'நார்மல்' என்று வந்தால் நிம்மதியடைய வேண்டாம். மருந்தடிப்பவர்கள் ஒல்லியாக இருந்தாலும் வெறும்வயிற்றுச் சர்க்கரையும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி-யும் பார்த்துக்கொள்ளட்டும்.

முகத்தில் துண்டு கட்டுவதால் பயன் குறைவு. இவ்வகைப் பூச்சிமருந்து தோல் வழியாகவும் இறங்கும். கலக்கும்போது நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை, அடித்து முடித்ததும் சோப்புக் குளியல், அந்தத் துணிக்குத் தனித் துவையல்.