கோட்டைன்னா சாம்பல் கலர்லதான் இருக்கணுமா?

ஸ்காட்லாந்துல ஸ்டிர்லிங் கோட்டையைப் பார்த்துட்டு வந்து மூணு நாளாச்சு, அந்த மஞ்சள் இன்னும் கண்ணுலயே நிக்குது. பாறை உச்சியில கோட்டை பூரா சாம்பல் கலர், நடுவுல ஒரே ஒரு கட்டடம் மட்டும் பளிச்சுனு மஞ்சளா. நாலாம் ஜேம்ஸ் ராஜா 1503 வாக்குல கட்டி முடிச்ச விருந்து மண்டபம் அது. கூட வந்த ஃப்ரெண்ட் பார்த்ததும் "என்னடா, நல்ல பழைய கட்டடத்துக்கு பெயின்ட் அடிச்சு கெடுத்து வெச்சிருக்காங்க"ன்னான். 1999ல மண்டபத்தைப் புதுப்பிக்கற வேலை முடிஞ்சப்ப உள்ளூர்க்காரங்க நிறைய பேரும் இதேதான் சொல்லி வருத்தப்பட்டிருக்காங்க.

எனக்கு அதுல கொஞ்சமும் உடன்பாடு இல்ல. முதல்ல அது பெயின்ட்டே இல்ல, மஞ்சக்காவி கலந்த சுண்ணாம்பு. சுவர்ல மிஞ்சியிருந்த பழைய பூச்சோட தடயத்தை வெச்சுதான் அந்த நிறத்துக்கே வந்திருக்காங்க. மழை விடாத ஊர்ல கல்லுக்குள்ள ஈரம் இறங்காம காக்கறதும் அந்தச் சுண்ணாம்புதான். அதாவது, ராஜா இருந்த காலத்துல கீழ இருந்து பார்த்தவன் கண்ணுக்கு தெரிஞ்சது மஞ்சள், பூச்சு உதிர்ந்த கல்லைப் பார்த்துப் பார்த்து அதுதான் பழமைன்னு நம்ம கண்ணு பழகிடுச்சு, அவ்வளவுதான்.

நடுவுல அந்த மண்டபம் பட்ட பாட்டைக் கேட்டா மனசு கஷ்டமா இருக்கும். ராணுவம் அதை சிப்பாய்ங்க தங்கற பாரக்ஸ் ஆக்கி, உள்ள மாடி போட்டு, சுவர் வெச்சு தடுத்து, 1964 வரைக்கும் கையில வெச்சிருந்துச்சு. அதையெல்லாம் எடுத்துட்டு ஓக் மரக் கூரையை மறுபடி ஏத்தி நிறுத்தியிருக்காங்க. உள்ள போய் அண்ணாந்து பாருங்க, அஞ்சு கணப்பு அடுப்பு இருந்தும் அந்த நீளத்துக்கு பத்துமான்னு தோணுது.

பக்கத்துலயே ஐந்தாம் ஜேம்ஸ் கட்டின அரண்மனை, 2011ல திரும்ப திறந்தது. அங்க ராஜாவோட அறை கூரை முழுக்க வட்ட வட்டமா மரத்துல செதுக்கின முகங்கள். 1777ல ஒண்ணு கழண்டு விழுந்ததும் எல்லாத்தையும் இறக்கிட்டாங்களாம். இப்ப இருக்கறது ஜான் டொனால்ட்சன்ங்கற சிற்பி ஓக்ல புதுசா செதுக்கினது, சிவப்பும் நீலமும் தங்கமுமா மின்னுது. ராணி அறையில சுவர்ல தொங்கற படம் நெய்த சீலைங்க, யூனிகார்ன்ங்கற ஒத்தைக்கொம்புக் கற்பனைக் குதிரையை வேட்டையாடற காட்சி, நெய்ய மட்டும் சுமார் 13 வருஷம். மூக்கு உரசற அளவுக்கு கிட்ட போய் பார்த்தேன், படத்துல தரையில கிடக்கற ஒரு சின்னப் பூவோட இதழுக்குள்ளயே நூல் நிறம் மாறிக்கிட்டே போகுது.

"இதெல்லாம் புதுசு, ஒரிஜினல் இல்லையே"ன்னு கேக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், மிஞ்சின ஒரிஜினல் முகங்களை யாரும் தூக்கிப் போடல. பெரும்பாலானது மாடியில தனி கேலரியில இருக்கு, நிறம் எதுவும் பூசாம வெறும் மரமா, வெடிப்போட, கண்ணு மட்டத்துல. போறவங்க அந்த மாடியை மட்டும் விட்டுடாதீங்க, முதல்ல கீழ கூரையைப் பார்த்துட்டு அப்புறம் ஏறுங்க.