இருபத்து நாலு மணி நேர டூட்டி

(சனிக்கிழமை சாயங்காலம், மதுரையில் ஒரு வீடு. மாமா அரசு பஸ்ஸில் ராத்திரி லைன் ஓட்டி ரிடையர் ஆனவர். மாப்பிள்ளை செல்போன் கடைக்காரர். டிவியில் கார்கள் சீறுகின்றன.)

மாமா: கார் ரேஸா மாப்ள? பாருங்க, பாருங்க. எனக்கு நியூஸ் மட்டும் பார்த்தா போதும். இது எப்ப முடியும்?

மாப்பிள்ளை: ஏழரைக்கு முடிஞ்சிரும் மாமா.

மாமா: இப்பவே மணி ஏழே முக்கால்.

மாப்பிள்ளை: நாளைக்கு ஏழரைக்கு.

மாமா: (சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து) விளையாடாதீங்க.

மாப்பிள்ளை: நிஜமாத்தான் மாமா. பிரான்ஸ்ல லெ மான்னு ஒரு ஊர். அங்கே சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கிளம்பினா ஞாயித்துக்கிழமை நாலு மணி வரைக்கும் ஓட்டணும். 1923-லேர்ந்து நடக்குது.

மாமா: எந்த ஊருக்குப் போறாங்க?

மாப்பிள்ளை: எங்கேயும் போகல. பதிமூணரை கிலோமீட்டர் சொச்சம் ஒரு ரவுண்டு. அதையே சுத்திச் சுத்தி வருவாங்க. பாதி ரோடு சாதாரண ரோடுதான், ரேஸ் முடிஞ்சா அதுலேயே லாரி போகும்.

மாமா: பயணி கிடையாது, போய்ச் சேர ஊரும் கிடையாது. பெட்ரோலுக்குக் காசு யார் குடுக்கிறா?

மாப்பிள்ளை: கம்பெனிக்காரங்கதான். அந்தக் காலத்துல கார் வாங்குறவனுக்கு நம்பிக்கை கிடையாது மாமா. ராத்திரி லைட் எரியுமா, மழையில தாங்குமா, வழியில விட்டுட்டுப் போயிருமான்னு சந்தேகம். ராத்திரி பகலா ஓட்டிக் காட்டுறோம்னு ஆரம்பிச்சதுதான் இது. முதல் வருஷம் 33 கார் கிளம்பிச்சு, ஆலங்கட்டி மழை, ரோடு பூரா சரளைக்கல். இருந்தும் 30 கார் கடைசி வரைக்கும் ஓடிச்சு.

மாமா: 30-ஆ? நல்ல ஷெட்டு. யார் ஜெயிச்சா?

மாப்பிள்ளை: யாரையும் அறிவிக்கல.

மாமா: ஏன்?

மாப்பிள்ளை: கோப்பையை மூணு வருஷக் கணக்குப் பார்த்துத் தர்றதா ஏற்பாடு. ஆனா அதிக தூரம் போனது லகாஷ், லெயோனார்னு ரெண்டு பேர் ஓட்டின ஷெனார் வால்க்கர் வண்டி. 2,209 கிலோமீட்டர்.

மாமா: (விரல் விட்டு எண்ணி) மணிக்கு 92. நான் மேலூர் தாண்டினா இதுக்கு மேலேயே போவேன்.

மாப்பிள்ளை: உங்களுக்கு நாலு சக்கரத்துலேயும் பிரேக் இருந்துச்சு மாமா. அந்த ரேஸ்ல ஓடின பென்ட்லி காருக்குப் பின்சக்கரத்துல மட்டும்தான்.

மாமா: எனக்கு இருந்துச்சுன்னு உங்களுக்கு யார் சொன்னா? சரி, பென்ட்லி என்னாச்சு?

மாப்பிள்ளை: கல்லு அடிச்சு பெட்ரோல் டேங்க் ஓட்டை. நடுவழியில நின்னுபோச்சு. டஃப்னு ஒரு டிரைவர், அவர் பிட்டுக்கு, அதான் வண்டிக்குப் பெட்ரோல் போட்டு ரிப்பேர் பாக்குற இடத்துக்கு, ஓடியே வந்து சேர்ந்தார். அடுத்த டிரைவர் கிளெமென்ட். எவன்கிட்டேயோ சைக்கிள் வாங்கி, பெட்ரோல் கேனைத் தோள்ல மாட்டிக்கிட்டு மிதிச்சுப் போய், ஓட்டையில கார்க்கை அடைச்சு, பெட்ரோல் ஊத்தி, சைக்கிளையும் காருக்குள்ள தூக்கிப் போட்டு ஓட்டிக்கிட்டு வந்தார்.

மாமா: (எழுந்தே விடுகிறார்) இவன் ஆளு! சைக்கிளைத் திருப்பிக் குடுக்கணும்கிற நினைப்பு இருந்திருக்கு பாருங்க. எத்தனாவது?

மாப்பிள்ளை: நாலாவது. அடுத்த வருஷம் அதே ரெண்டு பேர்தான் முதல்.

மாமா: வேணும். இன்னும் சொல்லுங்க. நியூஸ்ல என்ன, விலைவாசி ஏறினதைத்தான் சொல்லுவான்.

மாப்பிள்ளை: 1927-ல பென்ட்லி மூணு வண்டி விட்டாங்க. ராத்திரி ஒரே விபத்துல மூணும் மாட்டிக்கிச்சு. ரெண்டு அங்கேயே அவுட். மூணாவது வண்டி கோணிக்கிட்டே ஓடி ஜெயிச்சிருச்சு. லண்டன்ல சவாய்னு பெரிய ஹோட்டல், அங்கே விருந்து வெச்சு, அந்த அடிபட்ட காரையும் உள்ளே கொண்டுவந்து நிறுத்தினாங்க.

மாமா: காருக்கு விருந்து. எனக்கு ரிடையர்மென்ட்ல ஒரு சுவர்க்கடிகாரம், அதுவும் பேட்டரி இல்லாம. ஆமா, தூக்கத்துக்கு என்ன பண்றாங்க? நான் விடிகாலை மூணு மணிக்கு நாகப்பட்டினம் ரோட்டுல தூக்கத்தோட சண்டை போட்டவன், அதனால கேக்குறேன்.

மாப்பிள்ளை: இப்ப ஒரு காருக்கு மூணு டிரைவர். எந்த ஆறு மணி நேரத்தை எடுத்தாலும் ஒருத்தர் நாலு மணி நேரத்துக்கு மேல ஓட்டக் கூடாது, மொத்தத்துல 14 மணி நேரத்துக்கு மேல கூடாது.

மாமா: சட்டம் போட்டிருக்கான்னா, அதுக்கு முன்னாடி எவனோ டபுள் டூட்டி பார்த்திருக்கான்.

மாப்பிள்ளை: பார்த்தாங்க. 1950-ல லூயி ரோசியேன்னு ஒருத்தர், மகனைத்தான் ஜோடியா சேர்த்துக்கிட்டார். மகனுக்கு எத்தனை ரவுண்டு குடுத்தார் தெரியுமா? ரெண்டே ரெண்டு. மீதி பூரா அப்பாவே ஓட்டி ஜெயிச்சிட்டார்.

மாமா: ரெண்டு ரவுண்டு குடுத்தாரே, பெரிய மனசு.

மாப்பிள்ளை: நீங்க இன்னும் அந்த டிவிஎஸ் வண்டிச் சாவியையே எனக்குத் தரல மாமா.

மாமா: அது கிளட்ச் சரியில்ல. நீங்க மேல சொல்லுங்க.

மாப்பிள்ளை: 1952-ல பியர் லெவே. மாத்து டிரைவர் தயாரா நின்னும் ஸ்டியரிங்கை விடவே இல்ல. தனியாளா, பல ரவுண்டு முன்னாடி. முடிய ஒரு மணி நேரம் சொச்சம் இருக்கும்போது எஞ்சின் போச்சு. கோப்பை மெர்சிடிஸுக்கு.

மாமா: கியரைத் தப்பாப் போட்டிருப்பார். தூங்காத கைக்கு கியர் தெரியாது.

மாப்பிள்ளை: அப்படித்தான் எல்லாரும் சொன்னாங்க. அதே லெவேயை 1955-ல மெர்சிடிஸ்காரங்களே கூப்பிட்டு வண்டி குடுத்தாங்க. அந்த வண்டிதான் மாமா கூட்டத்துக்குள்ள பாய்ஞ்சது. அவரும் போயிட்டார், பார்க்க வந்த எண்பது பேருக்கு மேல செத்துட்டாங்க.

மாமா: கடவுளே. ரேஸை நிறுத்தியிருப்பாங்க.

மாப்பிள்ளை: நிறுத்தல. மெர்சிடிஸ்காரங்கதான் மீதி வண்டியை ராத்திரியோட எடுத்துட்டுப் போயிட்டாங்க.

மாமா: ம்... (கொஞ்ச நேரம் கழித்து) தண்ணி குடிச்சிட்டு வேற சொல்லுங்க.

மாப்பிள்ளை: ஃபோர்டு கதை சொல்றேன். ஃபெராரி கம்பெனியை விலைக்குக் கேட்டாங்க. என்சோ ஃபெராரி கடைசி நேரத்துல மாட்டேன்னுட்டார். அமெரிக்காக்காரனுக்கு ரோஷம். 1964-ல தோல்வி, 1965-ல தோல்வி, 1966-ல முதல் மூணு இடமும் ஃபோர்டு.

மாமா: சம்பந்தம் முறிஞ்ச வீட்டுக்கு எதிர்லேயே கல்யாண மண்டபம் கட்டினவன் மாதிரி.

மாப்பிள்ளை: அதுலதான் கூத்து. போட்டோவுக்காக முதல் ரெண்டு ஃபோர்டும் சேர்ந்து கோட்டைத் தாண்டட்டும்னு மேலிடத்து உத்தரவு. முன்னாடி இருந்த கென் மைல்ஸ் வேகத்தைக் குறைச்சார். சேர்ந்து வந்தா, ரேஸ் நடத்துறவங்க சொல்றாங்க: பக்கத்து வண்டி கிளம்பும்போது கொஞ்சம் பின்னாடி நின்னுச்சு, அப்ப அதுதான் அதிக தூரம் ஓடியிருக்கு, அதுக்குத்தான் முதல் பரிசு.

மாமா: (தொடையில் அடித்து) கிலோமீட்டர் கணக்கு! இந்தக் கணக்கு எழுதுறவன் எல்லா நாட்டுலேயும் இருக்கான் மாப்ள. டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறான், முதல் பரிசை பேனா பிடிச்சவன் முடிவு பண்றான்.

மாப்பிள்ளை: அப்பெல்லாம் டிரைவருங்க ரோட்டுக்கு இந்தப் பக்கம் நிப்பாங்க, கார் அந்தப் பக்கம். கொடியை ஆட்டினா ஓடிப் போய் ஏறிக் கிளம்பணும்.

மாமா: பெல்ட்?

மாப்பிள்ளை: அதேதான். அவசரத்துல ஒழுங்கா மாட்ட மாட்டாங்க. 1969-ல ஜாக்கி இக்ஸ்னு ஒரு சின்னப் பையன். எல்லாரும் ஓட, இவர் மட்டும் நடந்து போய், பெல்ட்டை நிதானமா மாட்டிக்கிட்டு கடைசி ஆளாக் கிளம்பினார். அந்த முதல் ரவுண்டிலேயே விபத்து, ஒரு டிரைவர் இறந்துட்டார்.

மாமா: நடந்த பையன்?

மாப்பிள்ளை: 24 மணி நேரம் கழிச்சு நூத்திச் சொச்சம் மீட்டர் வித்தியாசத்துல முதல். அடுத்த வருஷம் ஓடி ஏறுற பழக்கத்தையே எடுத்துட்டாங்க.

மாமா: இந்தப் பையனை நம்ம பஸ் ஸ்டாண்டுல கொண்டுவந்து நிறுத்தணும். ஓடுற பஸ்ஸுல தொத்துறவன் அத்தனை பேரும் பார்க்கட்டும்.

மாப்பிள்ளை: அதே ரேஸ்ல ரெண்டாவது வந்தவர் ஹான்ஸ் ஹெர்மன். ஜெயிச்சுட்டா ஓட்டுறதை விட்டுடுறேன்னு வீட்டம்மாவுக்கு வாக்கு குடுத்திருந்தார். 1970-ல போர்ஷே வண்டியில ஜெயிச்சார். சொன்ன மாதிரியே விட்டுட்டார்.

மாமா: (சமையலறைப் பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்தி) இதை உங்க அத்தை காதுபட சொல்லிடாதீங்க. புகையிலையை விடுறேன்னு நான் எந்த வருஷம் சொன்னேன்னு அவ தேதியோட வெச்சிருக்கா. நம்ம ஆளுங்க யாரும் அங்கே போகலியா?

மாப்பிள்ளை: 2009-ல நரேன் கார்த்திகேயன் போனார். ரேஸ் தொடங்குறதுக்கு முன்னாடி தோள்பட்டை விலகி, ஓட்ட முடியல. கூட இருந்த ரெண்டு பேரே 24 மணி நேரத்தையும் ஓட்டி ஏழாவது வந்தாங்க. ஆடி கம்பெனி வண்டி, டீசல்.

மாமா: என்னது?

மாப்பிள்ளை: டீசல் மாமா. 2006-லேர்ந்து 2014 வரைக்கும் ஒன்பது வருஷமும் ஜெயிச்சது டீசல் வண்டிதான்.

மாமா: (வீட்டுக்குள் திரும்பி, சத்தமாக) ஏம்மா, கேட்டியா! பிரான்ஸ்லேயும் டீசல்தானாம்! (திரும்பி) இதை மொதல்லேயே சொல்லியிருந்தா நான் நியூஸே கேட்டிருக்க மாட்டேன்.

மாப்பிள்ளை: கடைசியா ஒண்ணு. டொயோட்டாக்காரங்க வருஷக்கணக்கா வந்து வந்து தோத்தாங்க. 2016-ல நகாஜிமா முன்னாடி போறார். முடிய நாலு நிமிஷம்கூட இல்ல. வண்டியில சக்தியே இல்லைன்னு ரேடியோவுல கத்துறார். கோட்டுக்கு எதிர்லேயே நின்னுபோச்சு. போர்ஷே தாண்டிப் போயிருச்சு.

மாமா: அட பாவமே. ரெண்டாவதாவது?

மாப்பிள்ளை: ரெண்டாவதும் இல்ல. எத்தனாவதும் இல்ல. கடைசி ரவுண்டை ஆறு நிமிஷத்துக்குள்ள முடிக்கணும்னு விதி. உருட்டிக்கிட்டு வந்து சேர ரொம்ப நேரமாச்சு. கணக்குலேயே சேர்க்கல.

மாமா: 23 மணி 56 நிமிஷம் ஓட்டினவனுக்கு டிரிப் ஷீட்ல கையெழுத்துகூட கிடையாதா? யூனியன் இல்லையா அங்கே?

மாப்பிள்ளை: 2018-ல ஜெயிச்சாங்க மாமா. மூணு டிரைவர்ல கடைசியா ஓட்டி வண்டியைக் கோட்டைத் தாண்டிக் கொண்டுவந்தது அதே நகாஜிமா.

மாமா: (கண்ணைத் துடைத்துக்கொண்டு) அவனையே கடைசி டூட்டிக்குப் போட்டிருக்கான் பாருங்க. அந்த மேனேஜர் மனுஷன்யா!

மாப்பிள்ளை: ஆனா அதுக்கு முன்னாடியே ஆடியும் போர்ஷேயும் அந்தப் போட்டியிலேர்ந்து விலகிட்டாங்க மாமா. முதலிடத்துக்குப் போட்டி போடுற வகை வண்டியில டொயோட்டா ஒண்ணுதான் பெரிய கம்பெனி.

மாமா: இதை யார் கேட்டா உங்ககிட்ட? நல்லாத்தானே போயிக்கிட்டிருந்துச்சு!