கம்பூசியா மீன் விட்டால் டெங்கு போய்விடுமா?

"குளத்துல பத்து கம்பூசியா மீன் விடுங்க, டெங்கு பயமே வேண்டாம், மிச்சத்தை ஏரியில விட்டுடுங்க" என்று நண்பர் ஒருவர் எழுதியிருப்பதில் பாதிதான் சரி. கம்பூசியா கொசுவின் லார்வாவை, அதாவது கொசுப்புழுவை, தின்னும், உண்மை. ஆனால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் குளத்தில் முட்டையிடுவதில்லை. பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, மூடாத டிரம், ஃபிரிட்ஜ் பின்பக்கத் தட்டு இவைதான் அதன் இடம். அவற்றில் பெரும்பாலானவற்றில் மீன் விட முடியாது. வாரம் ஒருமுறை கொட்டி, ஓரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும், முட்டை சுவரில் ஒட்டியிருக்கும்.

குளத்துக்குப் பத்து போதாது. சதுர மீட்டருக்கு ஐந்து முதல் பத்து வரை வேண்டும். கரையோரப் புல்லையும் பாசியையும் முதலில் வாரி எடுங்கள். லார்வா ஒளிவது அங்கேதான், மீன் உள்ளே நுழையாது. ஆகாயத்தாமரை இருந்தால் இன்னும் மோசம். மான்சோனியா என்ற இன்னொரு கொசுவின் லார்வா அதன் வேரில் குத்திக்கொண்டு அங்கேயே மூச்சுவிடும், மேலே வரவே வராது. பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரில் மீனை உடனே விட்டால் செத்து மிதக்கும். வாங்கி வந்த பையை இருபது நிமிடம் குளத்தில் மிதக்கவிட்டுப் பிறகு திறந்துவிடுங்கள். பொரி போட்டு வளர்த்தால் லார்வாவைத் தேடாது. விரால் இருந்தால் கம்பூசியாவே மிஞ்சாது.

ஏரியில் மட்டும் விடாதீர்கள். 1928-இல் இத்தாலியிலிருந்து இந்தியாவுக்கு வந்த மீன் இது. நம்மூர் மீன்களின் முட்டை, குஞ்சு, தவளைக்குஞ்சு எல்லாவற்றையும் தின்னும். வாய்க்காலோடு தொடர்புள்ள குளமானால் நெற்றியில் வெள்ளிப் புள்ளி மின்னும் நம்மூர் மீன் முண்டக்கண்ணியே போதும்.