காலை 7 மணி மனிதத்தன்மையற்ற நேரமாம்!

பன்னாட்டு மாணவர் குழுவில் சேர்ந்து புராஜெக்ட் செய்தால் உலக அனுபவம் கிடைக்கும் என்றார் எங்கள் பேராசிரியர். கிடைத்தது. கண்ணுக்குக் கீழே கருவளையமாகக் கிடைத்தது.

2024 அக்டோபர் நடுவில் தொடங்கினோம். மியூனிக்கில் இரண்டு பேர், கலிஃபோர்னியாவில் ஒருவர், சென்னையில் நானும் என் வகுப்புத் தோழன் ஒருவனும். (தோழனைப் பற்றி இத்துடன் முடித்துக்கொள்கிறேன். முதல் கூட்டத்தில் இருந்தான். கடைசியில் எடுத்த குழுப் படத்தில் இருந்தான்.) மாணவர்களின் அறைகளில் எவ்வளவு மின்சாரம் செலவாகிறது என்று மூன்று நாடுகளிலும் அளந்து ஒப்பிட வேண்டும். அளப்பது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஐந்து பேர் ஒரே நேரத்தில் விழித்திருப்பதுதான் பெரும்பாடு.

வியாழக்கிழமை, மியூனிக் நேரப்படி மாலை 7 மணி. இதுதான் "எல்லோருக்கும் வசதியான நேரம்" என்று முடிவாயிற்று. கலிஃபோர்னியாவில் காலை 10. சென்னையில் இரவு 10:30. எல்லோருக்கும் என்ற சொல்லுக்குள் நான் எப்படி அடங்கினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நான் வாய் திறக்காமல் இல்லை. கலிஃபோர்னியாவில் காலை 7 மணிக்கு வைத்தால் மியூனிக்கில் மாலை 4, எனக்கு இரவு 7:30. மூவருக்கும் உயிர் போகாது என்று கணக்குப் போட்டே அனுப்பினேன். மியூனிக்காரர்களில் ஒருவருக்குப் பகுதிநேர வேலை. அது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். கலிஃபோர்னியா நண்பர் என்ன எழுதினார் தெரியுமா? காலை 7 மணி மனிதத்தன்மையற்ற நேரமாம். காபி உள்ளே போகாமல் அவருக்கு மூளை இயங்காதாம். அடுக்களையில் குளிர்சாதனப் பெட்டிக்கும் கிரைண்டருக்கும் நடுவே ஸ்டூல் போட்டு, கூடத்தில் படுத்திருக்கும் பாட்டி விழித்துவிடக் கூடாதே என்று இரவு 11 மணிக்குக் கிசுகிசுப்பவளின் மூளை மட்டும் எதில் இயங்குகிறதாம்?

அதுவாவது பழகிவிட்டது. பிறகு வந்தது பாருங்கள், கடிகாரத்தைத் திருப்பும் கூத்து!

ஐரோப்பாவில், கோடைக்காக முன்னே தள்ளிவைத்த கடிகாரத்தை அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுகிறார்கள். அமெரிக்காவில் அதே வேலையை நவம்பர் முதல் ஞாயிறன்று செய்கிறார்கள். 2024-ல் அந்த நாட்கள் அக்டோபர் 27, நவம்பர் 3. இடையே ஒரே ஒரு வியாழன்: அக்டோபர் 31. அன்று என்ன நாள்? தீபாவளி.

விடியற்காலை 4 மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தவள், இரவு 10:30-க்கு வழக்கம்போல ஸ்டூலில் போய் உட்கார்ந்தேன். யாரும் இல்லை. காலண்டரில் கூட்டம் தானாகவே 11:30-க்கு நகர்ந்திருந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இன்று வேண்டாமே, பண்டிகை என்று முந்தைய வாரமே கேட்டிருந்தேன். நவம்பர் 1 மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் புனிதர் அனைவர் நாள், அரசு விடுமுறை. ஆகவே இன்றே முடித்துவிடலாம் என்று பதில் வந்திருந்தது. அவர்களுடைய விடுமுறை கெடாமல் இருக்க என்னுடைய தீபாவளி! பட்டாசுக்கு அரசு கொடுத்த நேரம் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8. எங்கள் தெரு அந்த ஆணையைப் படித்த தெருவல்ல. மியூட்டை எடுத்து வாய் திறந்தபோதெல்லாம் ஒரு பத்தாயிரம் வாலா வெடித்தது. துப்பாக்கிச் சண்டையா என்று ஒருவர் உண்மையான கவலையோடு கேட்டார்.

இதிலும் அன்று பாதிக்கப்பட்டவர் நானில்லையாம். கலிஃபோர்னியா நண்பர் 10 மணிக்கு வந்து, 11 வரை காத்திருந்தாராம். கட்டுரை நீளத்துக்கு ஒரு புகார் எழுதினார். மியூனிக்கிலிருந்து மன்னிப்புப் பறந்தது, அவருக்கு. அடுத்த வாரம் அமெரிக்கக் கடிகாரமும் திரும்பியது. அவர் பழையபடி தன் 10 மணிக்கும் காபிக்கும் போய்ச் சேர்ந்தார். எனக்கு? டிசம்பரில் புராஜெக்ட் முடியும்வரை 11:30-தான். இரண்டு கண்டங்கள் முள்ளைத் திருப்பின, தூக்கம் போனது மூன்றாவது கண்டத்தில். இதற்கிடையே, உங்கள் நாட்டு நேரத்தில் அந்த அரை மணி என்ன வேடிக்கை என்று வேறு ஒரு கேள்வி. 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு அதுதான் கணக்கு, 1906 முதல் அதுதான் எங்கள் திட்ட நேரம் என்று சொன்னேன். ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் எங்கள் அரை மணியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்!

நேரம்தான் இப்படி என்றால் எண்களாவது ஒழுங்காக இருந்ததா? மியூனிக்கிலிருந்து வந்த கோப்பைத் திறந்தேன். ஒரு மாணவர் அறையின் குளிர்சாதனப் பெட்டி ஒரு நாளைக்கு 1,125 யூனிட் மின்சாரம் தின்றிருந்தது. எங்கள் வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கே 400 யூனிட்தான் வரும். ஐந்து மாதம் ஒரு குடும்பம் செலவழிக்காததை ஒரே நாளில் குடிக்கும் அந்தப் பெட்டிக்குள் அப்படி என்னதான் வைத்திருக்கிறார்கள்? இரண்டு இரவு என் சூத்திரங்களைக் குடைந்தேன். கருவி பழுதோ என்று பார்த்தேன். மூன்றாம் நாள்தான் உறைத்தது: ஜெர்மானியர்கள் தசமப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் காற்புள்ளி போடுகிறார்கள். ஒன்றேகால் யூனிட்டுக்கும் குறைவு. என் கணினி அதை ஆயிரத்து நூற்று இருபத்தைந்து என்று படித்துக்கொண்டது. கேட்டால், எப்போதும் அப்படித்தானே எழுதுவோம் என்றார்கள். எப்போதும்! அந்த "எப்போதும்" மியூனிக்கின் எல்லையோடு முடிகிறது என்று யார் அவர்களுக்குச் சொல்வது?

தேதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் வரைவுக்குக் கலிஃபோர்னியா நண்பர் கெடு வைத்தது 11/12. நான் டிசம்பர் 11 என்று நிம்மதியாக இருந்தேன். நவம்பர் 12 இரவு, உன் பகுதி எங்கே என்று மின்னஞ்சல்.

என் மேல் குற்றமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஏழு மணி யோசனையை ஒரு முறை சொல்லி, மறுத்ததும் "சரி" என்று எழுதியவள் நான்தான். தீபாவளியன்றும் "சரி". கெடு எந்த மாதம் என்று கேட்காமலே "சரி". வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் முகம் கோணாமல் இருக்கக் கற்றுக்கொடுத்த அந்தச் சொல், அவர்கள் காதில் "எனக்கு ஒரு சிரமமும் இல்லை" என்றே விழுந்திருக்கிறது. மியூனிக்காரர் பிடிக்காததை "இது தவறு" என்று ஒரே வரியில் எழுதுவார். முதலில் எனக்குச் சுருக்கென்றது. இப்போது அந்த வரிமேல் பொறாமையாக இருக்கிறது.

ஆனால் முடிவில் வந்த சக மாணவர் மதிப்பீட்டை மட்டும் என்னால் விழுங்க முடியவில்லை. என் பெயருக்கு நேரே எழுதியிருந்தது இரண்டே குறைகள்: கூட்டங்களில் அதிகம் பேசுவதில்லை, பேசினாலும் குரல் மிகச் சன்னமாக இருக்கிறது.

புராஜெக்ட் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. அந்த வாராந்தர அழைப்பை யாரும் நீக்கவில்லை. உருவாக்கியவர் நீக்கினால்தான் போகும் என்று நானும் பிடிவாதமாக விட்டுவைத்திருக்கிறேன். வியாழன்தோறும் இரவு 11:20-க்குக் கைப்பேசி அதிர்கிறது. கூடத்திலிருந்து பாட்டியின் குரல் கேட்கிறது: "யாருடி அது, இந்த நேரத்தில்?"