பால் பன்யனின் காளைக்கு எட்டு லாடம்

அமெரிக்க மரம்வெட்டிகளின் கதைகளில் வரும் ராட்சசன் பால் பன்யன் என்றதும் கட்டம்போட்ட சட்டை, தாடி, பக்கத்தில் நீலக்காளை 'பேப்'. அமெரிக்காவில் மின்னசோட்டாவின் பெமிட்ஜியில் 1937-இல் வைத்த 18 அடிச் சிலையும் இதே தோற்றம்தான். ஆனால் மரம்வெட்டிகளின் வேலையைச் சொல்லாமல் இந்த ராட்சசனை மட்டும் பிள்ளைகளுக்குச் சொன்னால் கதையில் பாதி போய்விடுகிறது.

லாடக் கதையையே பாருங்கள். கொல்லன் ஓலே பேபின் லாடம் இரண்டைச் சுமந்து நடந்தானாம். அடிக்கு அடி முழங்கால்வரை பாறையில் புதைந்தானாம். ஒவ்வொரு முறை லாடம் அடிக்கவும் புதிதாக ஓர் இரும்புச் சுரங்கமே தோண்டினார்களாம். நிஜத்திலும் மாட்டுக்கு லாடம் அடிப்பது லேசல்ல. மாட்டுக் குளம்பு பிளந்தது. காலுக்கு இரண்டு தகடு, மொத்தம் எட்டு. குதிரைபோல மூன்று காலில் நின்று கொடுக்கவும் செய்யாது. அதனால் மரச்சட்டத்துக்குள் நிறுத்தி, வயிற்றுக்கடியில் அகலமான வார் கொடுத்துத் தாங்கி, காலைக் கட்டையோடு பிணைத்த பிறகுதான் சுத்தியலை எடுப்பார்கள். குளம்பின் ஓரம் மெல்லிசு. ஆணி கொஞ்சம் உள்ளே சாய்ந்தாலும் சதையில் ஏறும், மாடு நொண்டும். லாடமே இல்லாவிட்டாலோ, பனிக்கட்டிப் பாதையில் கால் வழுக்கும். இதையெல்லாம் செய்து பார்த்தவனுக்குத்தான் ஓலேயின் சுமை புரியும்.

இந்த லாடக் கதை ரெட் ரிவர் மரக் கம்பெனியின் விளம்பரப் புத்தகங்களில் வந்தது. அவை 1914 முதல் வெளியானவை. இப்படிப் பரப்பியதை மனதில் வைத்துத்தான் நாட்டாரியல் அறிஞர் ரிச்சர்ட் டார்சன் 1950-இல் 'போலி நாட்டார் கதை' என்று சாடினார். அவர் கோபம் நியாயமானது. ஆனாலும் அவற்றை எழுதிய லாஹெட் மரமுகாமில் வேலை செய்தவர். வேலையின் வாசனை அதில் இருக்கிறது. பின்னால் வந்த பிள்ளைகள் பதிப்புகள் பலவற்றில்தான் அது இல்லை.

விளம்பரத்துக்கு முன்பே, 1910-இல், ஜேம்ஸ் மெக்கிலிவ்ரேயின் 'வட்ட நதி' என்ற பன்யன் கதை டெட்ராய்ட் நியூஸ் பத்திரிகையில் வந்துவிட்டது. குளிர்காலம் முழுக்க வெட்டிய மரங்களை வசந்தத்தில் ஆற்றில் விடுகிறார்கள். நாள்கணக்கில் போனபின் கரையில் ஒரு முகாம் தெரிகிறது. அது அவர்கள் கிளம்பிய அதே முகாம்!

நிஜத்தில் அந்தக் காலத்தில் பல கம்பெனிகளின் மரங்கள் ஒரே ஆற்றில் கலந்து வரும். அதற்காகவே ஒவ்வொரு கட்டையின் முனையிலும் முத்திரைச் சுத்தியலால் பல இடங்களில் குறி அடிப்பார்கள். தண்ணீரில் எப்படிப் புரண்டாலும் ஒரு குறி மேலே தெரியவேண்டும். ஆற்றின் கீழ்ப்பகுதியில் மரங்களை நிறுத்தும் தடுப்பில், அந்தக் குறியைப் பார்த்துத்தான் கம்பெனிவாரியாகப் பிரிப்பார்கள். வட்ட நதிக்கு முகத்துவாரம் இல்லை, தடுப்பும் இல்லை, மரம் ஆலைக்குப் போகாது. ஒரு குளிர்காலத்து உழைப்பு முழுக்க ஆற்றிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.