எழுதிக் கொடுங்க மேடம்

பிள்ளையை வெளியே அனுப்ப நினைக்கிற பள்ளி அதை ஒருநாளும் எழுதிக் கொடுக்காது. போன்தான் வரும். "கொஞ்சம் வந்துட்டுப் போங்க மேடம், பிரின்சிபல் பேசணும்னாங்க." போனால் ஏ.சி. அறை, தண்ணீர் கிளாஸ், கோஆர்டினேட்டர், கவுன்சிலர், சில சமயம் கரஸ்பாண்டென்ட் வீட்டு ஆள் ஒருவர். எல்லோரும் கனிவாகத்தான் பேசுவார்கள். "உங்க நல்லதுக்குச் சொல்றோம், இங்க அவனுக்கு ஒத்துவராது, ஸ்பெஷல் ஸ்கூல்னா நல்லா வருவான்." வெளியே வரும்போது நம் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. கொஞ்ச நாளில் நாமே டி.சி. கேட்டு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிடுவோம். பதிவேட்டில் 'பெற்றோர் விருப்பத்தின் பேரில்' என்று ஏறும். பள்ளி யாரையும் அனுப்பவில்லை, நாம்தான் கிளம்பினோம்!

சென்னையில் ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. (கவனம் ஓரிடத்தில் நிற்காமை, அதீத துறுதுறுப்பு), டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்) உள்ள பிள்ளைகளின் பெற்றோர் பலருக்கு இந்த அறை தெரியும். என் மகனுக்கு ஆட்டிசம். ஆறாம் வகுப்பு, தென்சென்னையில் ஒரு சிபிஎஸ்இ பள்ளி. பெயர் சொல்லப் போவதில்லை, இன்னும் அங்கேதான் படிக்கிறான். தெரபி சென்டர் வாசலில் உட்கார்ந்து மற்ற அம்மாக்களோடு பேசிப் பேசி எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. பள்ளியோடு வருகிற தகராறில் நாம் தோற்பது சட்டம் இல்லாததால் இல்லை. ஆரம்பம் முதல் கடைசி வரை எல்லாம் வாய்ப்பேச்சிலேயே முடிந்துவிடுவதால்தான்.

சட்டம் இருக்கிறதா என்றால் தாராளமாக இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளோடு நிற்காமல் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளையும் சேர்த்தே பேசுகிறது. பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், பிள்ளையின் தேவைக்கேற்ற வசதிகளைச் செய்து தர வேண்டும், கற்றல் குறைபாடு இருந்தால் சீக்கிரமே கண்டுபிடித்து உதவ வேண்டும். அடுத்த பிரிவில் கூடுதல் நேரம், ஸ்க்ரைப் (பிள்ளை சொல்லச் சொல்லத் தேர்வு எழுதித் தருபவர்), இரண்டாவது மூன்றாவது மொழியிலிருந்து விலக்கு எல்லாம் வருகின்றன. கல்வி உரிமைச் சட்டமோ எட்டாம் வகுப்பு முடியும் வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது. (அந்தச் சட்டம் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சென்னையில் அப்படிப்பட்ட பள்ளிகள் ஏராளம், அங்கே படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் 2016 சட்டத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும்.) இவ்வளவும் இருந்தும் பள்ளிகள் தைரியமாக இருக்கக் காரணம், "வேண்டாம்" என்று அவர்கள் சொன்னதற்கு எந்தச் சாட்சியும் கிடையாது என்பதுதான்.

போன வருடம் எங்களிடம் டைப் செய்த காகிதம் ஒன்றை நீட்டினார்கள். உறுதிமொழிக் கடிதமாம். ஷேடோ டீச்சரை (வகுப்பில் பிள்ளையோடு கூடவே இருந்து உதவுபவர்) என் செலவில் அமர்த்துவேன், அவர் வராத நாளில் பிள்ளையை அனுப்ப மாட்டேன், வளாகத்துக்குள் அவனுக்கோ அவனால் மற்றவர்க்கோ என்ன நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல. கீழே என் பெயரை முன்கூட்டியே அச்சடித்திருந்தார்கள், இனிஷியல் தப்பு. பேனாவை மூடி கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். "வீட்டில் பேசிட்டு மெயில் அனுப்பறேன், இதுல ஒரு காப்பி கொடுங்க" என்றேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த கோஆர்டினேட்டர் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "காப்பியெல்லாம் எதுக்கு மேடம், சும்மா ஃபார்மாலிட்டிதான்." ஃபார்மாலிட்டி என்றால் காப்பி கொடுப்பதில் என்ன கஷ்டம் என்று கேட்டேன். கடைசி வரை தரவில்லை.

அன்று ராத்திரியே மெயில் போட்டேன். இன்று நடந்த சந்திப்பில் இன்னின்னார் இருந்தீர்கள், இன்னின்னது சொன்னீர்கள், இப்படி ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்டீர்கள், நான் புரிந்துகொண்டதில் பிழை இருந்தால் திருத்துங்கள். அப்புறம் சில கேள்விகள். பள்ளியின் ஸ்பெஷல் எஜுகேட்டர் (சிறப்பாசிரியர்) வாரத்துக்கு எத்தனை பீரியட் என் மகனோடு இருக்கிறார்? இந்த டெர்முக்கு அவனுக்கென்று வைத்திருக்கும் இலக்குகள் என்ன? ஷேடோ வராத நாளில் அவனும் வரக் கூடாது என்பது எந்த விதிப்படி? கோபமாக ஒரு சொல் எழுதவில்லை. வக்கீல், கேஸ் என்ற பேச்சே இல்லை. கடைசியில் 16-ஆவது பிரிவை மட்டும் ஒரு வரியில் சொன்னேன். வீட்டுக்காரர் படித்துவிட்டு, "கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருக்கே" என்றார். இருக்கட்டும் என்றேன்.

பதில் வரச் சில நாள் ஆனது. 'உங்கள் ஒத்துழைப்பை மதிக்கிறோம்' என்று ஆரம்பித்த மெயில். அந்தக் காகிதத்தைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை, அதற்குப் பிறகும் யாரும் அதை எடுக்கவில்லை. அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் இலக்குகள் என்று ஒரு பக்கம் வந்தது. அரைகுறைதான், ஆனால் அதில் ஸ்பெஷல் எஜுகேட்டரின் பெயரும் அவர் வரும் கிழமைகளும் இருந்தன. ஷேடோ டீச்சருக்கு இன்றைக்கும் நாங்கள்தான் சம்பளம் கொடுக்கிறோம். அந்த விவகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதுவும் மெயிலில்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தச் சண்டை வகுப்பு டீச்சரோடு இல்லை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு, மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போகும் ஒருவனையும் பார்த்துக்கொள் என்றால் அந்தப் பெண் என்ன செய்வார்? பயிற்சியும் கொடுக்கவில்லை, உதவிக்கு ஆளும் கொடுக்கவில்லை. உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தொடக்க வகுப்புகளில் இத்தகைய 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று அளவு சொல்லியிருக்கிறது. பல பள்ளிகளில் ஒரே ஒரு ஸ்பெஷல் எஜுகேட்டர் எல்.கே.ஜி. முதல் பன்னிரண்டு வரை ஓடிக்கொண்டிருக்கிறார், நடுவே ஆள் வராத வகுப்புக்கு சப்ஸ்டிட்யூஷனும் போகிறார். நாம் எழுத்தில் கேட்பது அந்த டீச்சருக்கும் நல்லதுதான். இவருக்கு இன்னொரு ஆள் வேண்டும் என்று நிர்வாகத்திடம் அவரால் வாய் திறந்து கேட்க முடியாது. நாம் கேட்கலாம்.

தேர்வு விஷயம் வேறு கதை. சிபிஎஸ்இ இத்தகைய பிள்ளைகளுக்கு மூன்று மணி நேரத் தேர்வுக்கு 60 நிமிடம் கூடுதலாகத் தருகிறது. "அதெல்லாம் போர்டு எக்ஸாமுக்குத்தான், ஸ்கூல் டெஸ்டுக்கு முடியாது" என்று சொல்லும் பள்ளிகளைத் தெரியும். ஒன்பது வருடம் கூடுதல் நேரம் இல்லாமல், ஸ்க்ரைப் இல்லாமல் எழுதிவிட்டுப் பத்தாம் வகுப்பில் திடீரென்று ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து "சொல்லுடா, எழுதறேன்" என்றால் அந்தப் பிள்ளைக்கு வாய் வருமா? ஸ்க்ரைபுக்குப் பதில் சொல்வதே தனியாகப் பழக வேண்டிய வேலை. இன்னொரு சாக்கு, 40 சதவீதம் இல்லை என்பது. யூடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் குறைபாட்டின் சதவீதம் குறைவாக இருந்தால் எதுவும் கிடையாது என்பார்கள். அரசு வேலை ஒதுக்கீட்டுக்கு 40 சதவீதம் வேண்டும்தான். ஆனால் எழுதுவதில் சிரமம் உள்ள ஒரு யுபிஎஸ்சி தேர்வர் வழக்கில், ஸ்க்ரைப் வசதிக்கு அந்த 40 சதவீதத்தை அளவுகோலாக வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதே வருடம் நவம்பரில் இன்னொரு தீர்ப்பு. டிஸ்கிராபியா (கையால் எழுதுவதில் சிரமம்) உள்ள மாணவிக்கு நீட் தேர்வு மையத்தில் கூடுதல் ஒரு மணி நேரம் தரவில்லை. அது தவறு என்று நீதிமன்றம் சொன்னது, இதை எப்படிச் சரிசெய்வது என்று யோசிக்கத் தேர்வு முகமைக்கு உத்தரவும் போட்டது. மறுதேர்வு மட்டும் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போய் ஜெயித்தாலும் போன ஒரு மணி நேரம் போனதுதான். அதனால்தான் சொல்கிறேன், கோர்ட்டுக்குப் போகிற அளவுக்கு விடாமல் பள்ளியின் மேசையிலேயே இது தீர வேண்டும்.

நியூ ஜெர்சியில் இருக்கும் என் சித்தி மகளுக்கும் இதே மாதிரி ஒரு பையன். அங்கே 1975-இலேயே சட்டம் வந்துவிட்டது. சிறப்புக் கல்வி தேவைப்படும் ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுத்தில் ஒரு திட்டம் போட வேண்டும். அதை மாற்றப் போகிறோம் என்றாலும், பெற்றோர் கேட்டதைத் தர மாட்டோம் என்றாலும் அரசுப் பள்ளி காரணத்தோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒத்துவரவில்லை என்றால் இரு தரப்புக்கும் பொதுவான ஒருவரை வைத்துச் சமரசம் பேசலாம், அதுவும் சரிப்படாவிட்டால் விசாரணை. விசாரணை கேட்டு மனுப் போட்டால் 15 நாளுக்குள் பள்ளி நிர்வாகம் கூப்பிட்டுப் பேசித் தீர்க்கப் பார்க்க வேண்டும். தகராறு முடிகிற வரை பிள்ளை இருக்கிற இடத்திலேயே இருப்பான், பொதுவாக அவனை நகர்த்த முடியாது. இதைக் கேட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. அங்கேயும் வக்கீலுக்குக் கொட்டி அழுகிறார்கள், காசுள்ளவன் கைதான் ஓங்குகிறது என்று அவளே சொன்னாள். சரி. ஆனால் மறுப்பதை எழுதிக் கொடு என்ற அந்த ஒரு விதி மட்டும் இங்கே இருந்திருந்தால், எனக்குத் தெரிந்தே எத்தனையோ பிள்ளைகள் இன்றைக்கு அதே பள்ளியில் இருந்திருப்பார்கள்.

"பிள்ளையை உள்ளே வைத்துக்கொண்டு பள்ளியோடு மோதலாமா அக்கா?" என்று கேட்பார்கள். நியாயமான பயம். வாயில்லாப் பூச்சிகளை வைத்துக்கொண்டு பேசுகிறோம். அவனுக்கு இன்று பள்ளியில் என்ன நடந்தது என்று அவனால் வந்து சொல்ல முடியாது. தெரபியில் பழக்கமான ஒரு அம்மா மெயில் அனுப்பிய அடுத்த வாரமே பிள்ளையைக் கடைசி பெஞ்சுக்கு மாற்றினார்கள், ஆண்டு விழாவிலும் சேர்க்கவில்லை. அவர் வேறு பள்ளி பார்த்துப் போய்விட்டார். அவர் செய்ததைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளையின் நிம்மதியைவிடக் கொள்கை பெரிதில்லை. ஆனாலும் நான் பார்த்தவரை, எழுதுகிற பெற்றோரிடம் பள்ளிகள் கொஞ்சம் பார்த்தே நடந்துகொள்கின்றன. கத்திவிட்டு வருகிறவரை 'அந்தம்மா ஒரு மாதிரி' என்று ஒதுக்குவது சுலபம். மெயிலை அப்படி ஒதுக்க முடியாது, அது இன்பாக்ஸில் கிடக்கும். இங்கிலீஷ் வராது என்று தயங்க வேண்டாம். தமிழில் எழுதுங்கள், கையால் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். நாள் போட்டு, நடந்ததை மட்டும்.

அதற்கும் அசையவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனுக் கொடுக்கலாம். வக்கீல் தேவையில்லை. ஆட்களை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்டு வாங்கவும் சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. ஆனால் கடைசியில் அவர் சொல்வது பரிந்துரைதான். எடுத்த நடவடிக்கையை மூன்று மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. பள்ளிப் பிள்ளைக்கு மூன்று மாதம் என்றால் ஒரு டெர்மே போய்விடும். சட்டத்தை மீறினால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம். லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்குகிற இடத்துக்கு அது ஒரு நாள் டீசல் செலவு.

ஆணையர் வரை போகாமல் நடுவில் ஒருவர் இருந்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றுகிறதா? இருக்கிறார், காகிதத்தில். இந்தச் சட்டத்துக்கு மத்திய அரசு 2017-இல் போட்ட விதிகளின்படி ஒவ்வொரு மாவட்டக் கல்வி அலுவலகத்திலும் ஒரு பொறுப்பு அலுவலர் வேண்டும். மாற்றுத்திறன் பிள்ளைகளின் சேர்க்கை, பள்ளியில் தர வேண்டிய வசதி எல்லாம் அவர் பார்க்க வேண்டியவை. நான் கேட்ட பெற்றோர் ஒருவருக்கும் சென்னையில் அது யார் என்று தெரியவில்லை. பள்ளி கோஆர்டினேட்டரிடமும் கேட்டேன், "அப்படி ஒருத்தர் இருக்காரா மேடம்?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

பள்ளிக் கல்வித் துறை இதற்குப் புதிதாகச் சட்டம் எதுவும் போட வேண்டியதில்லை. எந்தப் பள்ளியாக இருந்தாலும் வாசல் நோட்டீஸ் போர்டில் ஃபீஸ் விவரத்துக்குப் பக்கத்தில் அந்த அலுவலரின் பெயரையும் போன் நம்பரையும் ஒட்டவையுங்கள். ஆட்டிசம் மாதிரியான காரணங்களுக்காக ஒரு பிள்ளைக்கு டி.சி. கொடுப்பதாக இருந்தால், பெற்றோரே கேட்டாலும் சரி, கொடுப்பதற்கு முன்னால் பள்ளி அவருக்கு ஒரு கடிதம் எழுதட்டும். அவர் பெற்றோரைக் கூப்பிட்டு, "நீங்களாகத்தான் போறீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கட்டும். அந்த ஏ.சி. அறையில் பேசுகிறவர்கள் இப்போது போல அவ்வளவு சுலபமாகப் பேச மாட்டார்கள்.