அந்தச் சிவப்புச் சூப்பில் என்ன கொழுப்பு?

சிங்கப்பூரில் ஹாட்பாட் கடைகள் பெருகியதில் எனக்கு மகிழ்ச்சிதான். மேசையிலேயே கொதிக்கும் சூப்பில் கறியையும் காயையும் முக்கி வேகவைத்துச் சாப்பிடுவதுதான் ஹாட்பாட்; இங்கே ஸ்டீம்போட் என்போம். முன்பெல்லாம் ஸ்டீம்போட் என்றால் தெளிந்த சூப், மீன் உருண்டை, இறால், முட்டைக்கோஸ், அவ்வளவுதான். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய இரவு குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இப்போது சைனாடவுனில் பீப்பிள்ஸ் பார்க் பக்கம் போனால் வாசலிலேயே மிளகாய் நெடி மூக்கில் ஏறுகிறது. எல்லாம் தென்மேற்குச் சீனாவின் சிச்சுவான், சோங்சிங் பாணி. சிச்சுவானின் ஜியான்யாங் ஊரில் 1994இல் தொடங்கிய ஹைடிலாவ் நிறுவனம், சீனாவுக்கு வெளியே தன் முதல் கடையை 2012இல் இங்கேதான் திறந்தது. எனக்கு என்னவோ, நெருக்கி மேசை போட்ட சின்னக் கடைகள்தான் பிடிக்கும்.

ஆனால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். நம்மவர்களில் மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் நிறையப் பேர் (நானும் சாப்பிடுவதில்லை). "ஆட்டிறைச்சியும் காய்கறியும்தானே ஆர்டர் செய்தோம், அப்புறம் என்ன" என்று நிம்மதியாகச் சிவப்புச் சட்டியில் முக்கிச் சாப்பிடுகிறார்கள். சோங்சிங் பாணிச் சிவப்புச் சூப்புக்கு அடிப்படையே மாட்டுக் கொழுப்புதான். அதை உருக்கி, காய்ந்த மிளகாய், சிச்சுவான் மிளகு, இஞ்சி, பூண்டு, மொச்சை போன்ற ஒரு பருப்பையும் மிளகாயையும் புளிக்க வைத்த விழுது எல்லாம் போட்டு நெடுநேரம் வதக்குவார்கள். ஆறினால் செங்கல் மாதிரி இறுகிவிடும். பல கடைகளில் அந்தச் சிவப்புக் கட்டியை அப்படியே சட்டியில் வைத்து மேசைக்குக் கொண்டுவருவார்கள். அடுப்பைப் பற்றவைத்ததும் ஓரத்திலிருந்து உருகத் தொடங்கும்.

கவனித்துப் பார்த்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். சட்டிக்கு வெளியே தெறித்த சொட்டும் சாப்ஸ்டிக் நுனியில் ஒட்டியதும் கொஞ்ச நேரத்தில் மெழுகு போல வெளுத்து உறைந்தால் அது கொழுப்பு. பெரும்பாலான தாவர எண்ணெய்கள் ஏசி அறையில் அப்படி உறையாது.

சிறிது காலத்துக்கு முன் ஒரு கடையில், "இதில் மாட்டுக் கொழுப்பு இருக்கிறதா?" என்று தெளிவாகக் கேட்டேன். "இல்லை, இல்லை, மிளகாய் எண்ணெய்" என்றார் பணியாளர். சட்டி வந்தது, நடுவில் சிவப்புக் கட்டி. எனக்குக் கோபம் அவர் மேல் இல்லை. ஊருக்குப் புதிதாக வந்த பையன், அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கோபமெல்லாம் மெனு அட்டை மேல்தான். காரம் எவ்வளவு என்பதற்கு ஒரு மிளகாய், இரண்டு மிளகாய், மூன்று மிளகாய் என்று படம் போடத் தெரிகிறது. என்ன கொழுப்பு என்று ஒரு வரி எழுத முடியாதா? இந்துக்களும் முஸ்லிம்களும் பௌத்தர்களும் சேர்ந்து வாழும் ஊர் இது. சீனர்களிலேயே கருணைத் தெய்வமான குவான்யின் வழிபாட்டுக்காக மாட்டிறைச்சியை விட்டவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். கேட்டால்தான் சொல்வோம் என்பது சரியில்லை. எழுதி வைக்க வேண்டும்.

மாட்டுக் கொழுப்பு எப்படி வந்தது என்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. யாங்சி ஆறும் ஜியாலிங் ஆறும் கலக்கும் சோங்சிங் படித்துறைகளில் படகோட்டிகளும் சுமைதூக்கிகளும் உண்ட உணவு இது. நல்ல கறி வசதி உள்ளவர்களுக்குப் போகும். குடலும் இரைப்பையும் கொழுப்பும் மலிவாகக் கிடைக்கும். அந்த வாடையை அமுக்கத்தான் அவ்வளவு மிளகாய், அவ்வளவு மிளகு. ஒன்பது கட்டமாகத் தடுத்த சட்டி ஒன்று உண்டு. முன்பின் தெரியாதவர்கள் ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் கட்டத்தில் அவரவர் துண்டைப் போட்டுச் சாப்பிடுவதற்காக வந்தது என்பார்கள். உழைப்பாளிகளின் சாப்பாடு என்பதாலேயே எனக்கு அதன் மேல் தனி மரியாதை.

மாற்று வழியும் சிச்சுவானிலேயே இருக்கிறது. அதன் தலைநகரான செங்டு பக்கம் கடுகு இனத்து எண்ணெயில் செய்யும் சிவப்புச் சூப் உண்டு. கொழுப்பின் கனமும் மணமும் அதில் கிடைக்காது, உண்மைதான். ஆனால் மிளகாயின் வாசனை இன்னும் துலக்கமாகத் தெரியும். நாக்கும் உதடும் விறுவிறுவென்று அதிர்கிற அந்தச் சிச்சுவான் மிளகின் வேலை கொஞ்சமும் குறையாது. இங்கேயும் சில கடைகளில் கேட்டால் தருகிறார்கள். அதுவும் இல்லையென்றால் தக்காளிச் சூப், காளான் சூப். அவற்றிலும் எலும்புச் சாறு சேர்ப்பதுண்டு. சைவம் சாப்பிடுபவர்கள் அதையும் கேட்டுவிடுங்கள். இரண்டாகத் தடுத்த சட்டியை நம்பி ஒரு பக்கம் கொழுப்பு, மறுபக்கம் காளான் என்று வாங்கினால், கொதிக்கும்போது இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தெறிக்கும். கரண்டியும் மாறிப்போகும். கண்டிப்பாகத் தவிர்ப்பவர்களுக்குத் தனிச் சட்டிதான் நல்லது.

சாப்பிடும் முறை பற்றியும் கொஞ்சம். வந்த தட்டையெல்லாம் ஒரேயடியாகக் கவிழ்க்காதீர்கள். சூடு இறங்கிவிடும், எல்லாம் வெந்நீரில் ஊறியது போலச் சப்பென்று ஆகிவிடும். வாத்துக் குடலைச் சாப்ஸ்டிக்கில் பிடித்தபடியே முக்கி முக்கி எடுத்தால் பத்துப் பதினைந்து நொடிகள் போதும். சுருண்டு, கடித்தால் நறுக்கென்று இருக்கும். விட்டுவிட்டால் ரப்பர். தாமரைத் தண்டும் உருளைக்கிழங்கும் முதலில் போனால் தேவலை. கீரையைச் சிவப்புப் பக்கம் போடவே கூடாது. இலை மடிப்பெல்லாம் எண்ணெயும் மிளகும் ஏறி வாயில் வைக்க முடியாது. உறைய வைத்த டோஃபு ஓட்டை ஓட்டையாக இருக்கும். அதற்குள் நிற்கும் சூடான சாறு நாக்கைப் பொசுக்கும், ஆறவிட்டுத்தான் கடிக்க வேண்டும். தொட்டுக்கொள்ள நல்லெண்ணெயும் நசுக்கிய பூண்டும் போதும். சீன நல்லெண்ணெயை வறுத்த எள்ளில் ஆட்டுவதால் நம் வீட்டு நல்லெண்ணெயை விட வாசனை தூக்கலாக இருக்கும். காரத்தையும் சூட்டையும் அது தணிக்கும். பச்சைக் கறி எடுக்கும் சாப்ஸ்டிக் வேறு, வாயில் வைப்பது வேறு. இதில் சமாதானமே கிடையாது.

இப்படி நிதானமாகச் சாப்பிட வேண்டியதற்குத்தான் 90 நிமிடம் என்று கடிகாரம் வைக்கிறார்கள் பஃபே கடைகளில். அதனால்தான் நான் அங்கே போவதில்லை.

தாவர எண்ணெயில் சிவப்புச் சூப் தருகிற, அதை மெனுவிலேயே எழுதியும் வைத்திருக்கிற கடை உங்களுக்குத் தெரிந்தால் கீழே போடுங்கள். நாலு பேருக்குப் பயன்படும். முதல் வேலையாக நானும் போய் வருகிறேன்.